நைனாவின் முட்டி, மாமாவின் படம்

போன செவ்வாய்க்கிழமை என் முழங்காலை எக்ஸ்ரே எடுத்தார்கள்.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்காதீர்கள். எழுபதைத் தாண்டியவனுக்கு இதுதான் செய்தி. அதுவும் இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் முழங்கால் ரொம்பப் பழக்கமான ஆசாமி. மாடிப்படி, கல்யாணப் பந்தி, ரயில் கக்கூஸ் — இந்த மூன்றைப் பற்றியும் நான் புலம்பாத மாதம் உண்டா?

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் புதிதாக ஒரு எக்ஸ்ரே சென்டர் திறந்திருக்கிறார்கள். முட்டி வலிக்காரர்களுக்காகவே தேடிப் பிடித்தது போல இரண்டாவது மாடியில். லிப்ட் கிடையாது. என் மனைவிதான் ஏற்றிக்கொண்டு போனாள் — ஒரு கையில் குடையும் பையும், இன்னொரு கையில் நான்.

படுக்கச் சொல்வார்கள் என்று நினைத்தேன். நிற்கச் சொன்னார் டெக்னீஷியன். "நின்னுக்கினு எடுத்தாத்தான் சார் எலும்புக்கு நடுவுல இருக்கிற கேப் கரெக்டா தெரியும். படுத்துக்கினு எடுத்தா நெறைய முட்டி நல்ல முட்டி மாதிரிதான் தெரியும்" என்றார்.

நின்றேன். எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "உங்க வயசுக்கு இது ரொம்ப நல்ல முட்டி சார். லேசான தேய்மானம்தான்."

எனக்கு முகம் தொங்கிப் போய்விட்டது. ஏன் சிரிக்கிறீர்கள்? பத்து வருஷமாக வலிக்கிறது வலிக்கிறது என்று ஊரைக் கூட்டியவன் நான். ஒரு முழு வாசகர் கூட்டமே எனக்காக உச்சுக் கொட்டியிருக்கிறது. இப்போது பார்த்து, நல்ல முட்டி என்றால் என் மானம் என்னாவது?

"அப்ப வலிக்குதே டாக்டர்?"

"வலிக்கும் சார். வலி வேற, படம் வேற. படத்துல ரொம்ப மோசமா இருக்கிறவங்க சில பேர் ஜோரா நடப்பாங்க. படம் சுத்தமா இருக்கும், ஆளு உட்கார்ந்து எழுந்திருக்க முடியாம தவிப்பாரு. ரெண்டும் எப்பவும் ஒத்துப்போறதில்லை."

இதை நான் முதல் தடவையாகக் கேட்கவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்தி, மதராஸில் வேறொரு டாக்டர் வாயால் கேட்டிருக்கிறேன். மாடிப்படி இறங்குகிற வரைக்கும், வீட்டுக்கு வருகிற ஆட்டோவிலும், எனக்கு நைனா ஞாபகமும் துளசிங்க மாமா ஞாபகமும்தான்.

நைனா என்றால் அப்பா. எங்கள் பக்கம் பாதி வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். நைனா பெயர் எத்திராஜ். துளசிங்கம், என் அம்மாவின் தம்பி. மச்சினர்கள் இரண்டு பேரும் சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாளைத் தூக்குகிறவர்கள். ஸ்ரீபாதம் தாங்கிகள் என்று மரியாதையாகச் சொல்வார்கள். மற்ற நாளில் நைனாவுக்கு நெல் மண்டியில் வேலை. மாமாவுக்குப் பட்டுச் சாயம் போடுகிற இடத்தில் வேலை. உற்சவம் வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் ஒரே வேலை... பெருமாள்.

இரண்டு பேரும் ஜோடி. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வாகனத்தின் தண்டு இருக்கிறதே, அதற்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இவருடைய வலது தோளும் அவருடைய இடது தோளும் ஒரே தண்டைத் தாங்கும். அதனால் இரண்டு பேருக்கும் ஒரே உயரம் இருக்க வேண்டும். ஒரு விரற்கடை வித்தியாசம் இருந்தாலும் பாரம் முழுக்க உயரமானவர் பக்கம் போய்விடும். நைனாவும் மாமாவும் நல்ல உயரம். அளந்து வெட்டியது போல ஒரே உயரம். மீசை முளைத்த நாளிலிருந்து வலது தண்டின் முன்னிடம் அவர்களுடையது.

ஜோடியில் ஒருவர் நின்றுவிட்டால்? இன்னொருவரும் நிற்க வேண்டியதுதான். அந்த உயரத்துக்கு வேறு ஆளை எங்கே போய்த் தேடுவது?

அதனால்தான் நைனாவின் வலது முட்டி வலித்தபோது, அது இரண்டு குடும்பத்தின் வலியாகிவிட்டது.

முதலில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிட்டு எழும்போது சுவரைப் பிடிப்பார். கிணற்றடியில் குந்தாமல் நின்றுகொண்டே குளிப்பார். "இன்னா, முட்டி நோவுதா?" என்று அம்மா கேட்டால், "ஒண்ணியும் இல்ல" என்பார். பங்குனியில் ஒரு புறப்பாட்டின்போது வீதி திரும்புகிற இடத்தில் தடுமாறிவிட்டார். தண்டு ஆடியது. பெருமாள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தார். ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது. அதற்கு மேல் எப்படி மறைக்க முடியும்?

அதற்கப்புறம் என்னென்னவோ வைத்தியம். ஓரிக்கையில் ஒருவர் கட்டுப் போட்டார். முசரவாக்கத்திலிருந்து ஒரு எண்ணெய் வந்தது. அதன் நாற்றத்துக்கு எங்கள் வீட்டுப் பூனை ஒரு வாரம் வீட்டுப் பக்கமே வரவில்லை. எலும்பு நோவுக்கு மாகறல் ஈஸ்வரன்தான் என்று அம்மா சொன்னாள்.

"பெருமாளைத் தூக்கி நொந்த முட்டிக்கு ஈஸ்வரன்கிட்ட போய் நிக்கறதா? அவரு இன்னா நெனைப்பாரு?" என்றார் நைனா.

"யாரு இன்னா நெனைப்பாரு? இவரா, அவரா?"

"ரெண்டு பேரும்தான்" என்றார் நைனா. ஆனாலும் போனார். அம்மா சொல்லி அவர் எதைத்தான் மீறினார்?

எனக்கு அப்போது இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ. மதராஸில் ஒரு அச்சாபீஸில் புரூஃப் பார்க்கிற வேலை. திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன அறை. முப்பதுகளின் நடுவில்... எக்ஸ்ரே என்றால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு என்னவென்றே தெரியாது. தெரிந்த மீதிப் பேர், அதில் மனசில் நினைப்பதுகூடத் தெரிந்துவிடும் என்று நம்பினார்கள். எங்கள் அச்சாபீஸ் முதலாளிக்குத் தெரிந்த ஒரு டாக்டர் சொந்தமாக அந்த மெஷின் வைத்திருந்தார். நைனாவை அழைத்துக்கொண்டு வரச் சொன்னார். வைகாசி கருட சேவைக்கு முன்னால், தூக்கலாமா கூடாதா என்று ஒரு முடிவு தெரிந்துவிட வேண்டும்.

நைனா எழும்பூரில் வந்து இறங்கினார். பக்கத்திலேயே மாமாவும் இறங்கினார்.

"நீங்க எதுக்கு மாமா?" என்றேன்.

"நான் வராம அவன் எங்க போனான்?" என்றார்.

டாக்டர் நல்ல மனுஷர். வேட்டி, மேலே கோட்டு, மூக்குக் கண்ணாடி. நைனா சட்டையைக் கழற்றியதும் தோளில் பார்த்தார். எலுமிச்சம்பழ அளவுக்குக் காய்த்துப் போயிருந்தது. "இதென்னய்யா கட்டி?" என்றார்.

"கட்டி இல்லீங்க. பெருமாளு."

டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உள்ளே கூட்டிப் போனார்.

இருட்டு அறை. ஒரு சிவப்பு விளக்கு. நைனாவை மேஜையில் படுக்க வைத்து, முட்டிக்கு அடியில் தட்டையாக ஒரு பெட்டியைச் சொருகினார்கள். படத்தில் யாருடையது என்று தெரிய வேண்டும் இல்லையா, அதற்காக மூலையில் ஈயத்தில் ஒரு இங்கிலீஷ் எழுத்து வைத்தார்கள். எத்திராஜுக்கு 'இ'. "அசையாதே" என்றார் உதவியாளர். நைனா மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். மெஷின் உறுமியது. கண்களை இறுக மூடி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

முடிந்தது. எழுந்தார். கிளம்ப வேண்டியதுதானே?

மாமா நகரவில்லை. "எனக்கும் எடுத்துடுங்க சாமி" என்றார்.

"உனக்கும் முட்டி வலிக்குதா?" என்று கேட்டார் டாக்டர்.

"எனக்கு இன்னா நோவு? நல்லாத்தான் இருக்குது. ஆனா எங்க வழக்கம் அப்படிங்க. ஜோடியில ஒருத்தனை மட்டும் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லக்கூடாது. ஒசரம் பார்க்கறதா இருந்தாலும் ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்க வெச்சித்தான் பார்ப்பாங்க. தோளைப் பார்த்தாலும் ரெண்டு தோளையும்தான் பார்ப்பாங்க. எம் முட்டியைப் பார்க்காம அவன் முட்டியைப் பத்தி நீங்க எப்படிச் சொல்வீங்க?"

உலகத்தில் எந்த டாக்டரிடமும் எந்த நோயாளியும் இப்படிக் கேட்டிருக்க மாட்டான். டாக்டர் சிரித்துவிட்டார். என்ன தோன்றியதோ, "சரி, படு" என்றார். துளசிங்கத்துக்கு 'டி' எழுத்து.

வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். படங்களைக் கழுவிக் காயவைக்க நேரமாகும் என்றார்கள். நைனா வலது முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது — கருடன், கோபுர வாசல், தண்டு. அதெல்லாம் அந்த இருட்டறைக்குள் ஒரு தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது.

டாக்டர் கூப்பிட்டார். இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தன. ஒன்று, எனக்கே புரிந்தது, மோசம். இரண்டு எலும்புக்கு நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி ஒரு பக்கம் மறைந்தே போயிருந்தது. ஓரமெல்லாம் முள்முள்ளாக வளர்ந்திருந்தது. இன்னொன்று பரவாயில்லை. கோடு போட்டாற்போல் இடைவெளி இருந்தது.

"பாவம்யா, எத்திராஜ்" என்று மோசமான படத்தைக் காட்டினார் டாக்டர். "எப்படி இவ்வளவு நாள் தாங்கினே?"

உதவியாளர் குனிந்து மூலையைப் பார்த்தார். "சார், இதுல டி எழுத்து. இது அவரோடது." கையை மாமா பக்கம் காட்டினார்.

டாக்டர் நம்பவில்லை. இரண்டு பேரையும் நடக்கச் சொன்னார். நைனா விந்தினார். மாமா கோயில் காளை கணக்காக நடந்தார். மறுபடியும் நடக்கச் சொன்னார். அதே கதைதான். எழுத்து மாறவில்லை, பெட்டி மாறவில்லை, ஆளும் மாறவில்லை.

அப்போதுதான் அந்தப் பேச்சைச் சொன்னார் டாக்டர். வலியும் படமும் எப்பவும் ஒத்துப்போவதில்லை என்று. நைனாவுக்கு உப்பு ஒத்தடம், தொடைக்கு ஒரு சின்னப் பயிற்சி, தடவ ஒரு தைலம். "எலும்பு கெடலை. ஜாக்கிரதையா இருந்தா தூக்கலாம்" என்றார். அப்புறம் மாமா பக்கம் திரும்பினார்.

"உனக்கு ஓய்வு வேணும்யா. இதோட பாரம் தூக்கினா சீக்கிரம் நடையே போய்டும். இப்பவே உனக்கு நல்லா வலிக்கணுமே?"

"வலிக்கலியே சாமி."

அவர்களை ஊரில் விட்டு வர நானும் கூடக் கிளம்பினேன். செங்கல்பட்டில் ரயில் மாற இறங்கினோம். அங்கே பெஞ்சில் உட்கார்ந்ததும் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "டேய் சாரங்கா, எம் படத்தைப் பத்தி ஊர்ல யாருக்கும் தெரியக் கூடாது. உங்க அத்தைக்குத் தெரிஞ்சா என்னை வாசப்படி தாண்ட விட மாட்டா. வைகாசி போவட்டும். அப்பறம் பார்க்கலாம்."

"துளசிங்கம், டாக்டர் சொன்னாரே..." என்று ஆரம்பித்தார் நைனா.

"டாக்டரு உன்னைத் தூக்கச் சொல்லிட்டாரு இல்ல? அதோட வுடு மச்சான்."

இரண்டு படமும் ஒரே பழுப்புக் கவரில் எங்கள் வீட்டுப் பரணுக்குப் போய்விட்டன. எத்திராஜ் முட்டிக்கு ஒன்றுமில்லையாம் என்று மட்டும் ஊருக்குத் தெரிந்தது. மாமா படம் எடுத்ததே யாருக்கும் தெரியாது.

ஆனால் இதில் ஒரு கூத்து நடந்தது. படத்தில் ஒன்றுமில்லை என்று தெரிந்தபின் நைனாவுக்கு வலிக்கிறது என்று சொல்லவே வாய் வரவில்லை. ஒத்தடத்தில் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். முழுக்கப் போகவில்லை. முனகினால், "அதான் ஒண்ணும் இல்லைன்னு படம் புடிச்சிட்டாங்களேப்பா" என்பார்கள். யாராவது எதிரே வந்தால் விந்தாமல் நடப்பார். அந்தப் படம் அவருக்கு வலியைக் குறைத்ததோ இல்லையோ, வலிக்கிற உரிமையைப் பிடுங்கிக்கொண்டது. போன செவ்வாய்க்கிழமை எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

கருட சேவைக்கு லீவு சொல்லிவிட்டு நான் ஊருக்கு வந்தேன். அம்மா கூடத்தில் உட்கார்ந்து சும்மாடு தைத்துக்கொண்டிருந்தாள். தண்டு தோளை அறுக்காமல் இருக்க ஒரு துணி மெத்தை வைத்துக்கொள்வார்கள். பழைய வேட்டியை மடித்து மடித்து, கெட்டியாகத் தைத்தது. வருஷா வருஷம் வைகாசிக்கு இரண்டு பேருக்கும் புதிதாகத் தைப்பது அம்மாதான். தம்பிக்கு ஒன்று, புருஷனுக்கு ஒன்று.

மாமா உள்ளே வந்தார். "அக்கா, என்னுதுக்கு இன்னும் ஒரு மடிப்பு வெச்சித் தச்சிடு."

"வருசா வருசம் ஒரு மடிப்பு கேக்கற. தோளுக்கு மெத்தையா, தலைக்குத் தலகாணியாடா?"

"தோள் எலும்பு குத்துதுக்கா. தை."

கேட்டுவிட்டுப் போய்விட்டார். நைனா கொல்லையில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். அப்படியே உள்ளே வந்தார். வாயைக்கூடக் கொப்பளிக்கவில்லை.

"அதுங்களைக் குடு" என்றார்.

அம்மா இரண்டு சும்மாட்டையும் கொடுத்தாள். உள்ளங்கைக்கு ஒன்றாக வைத்துப் பார்த்தார். மாமாவுடையது நைனாவுடையதைப் போல இரண்டு பங்கு இருந்தது.

"சாரங்கா, இங்க வா."

நானும் அப்போது நைனா உயரம்தான். என்னைப் பக்கத்தில் நிற்க வைத்தார். தடித்ததை என் இடது தோளில் வைத்தார். மெல்லியதைத் தன் வலது தோளில் வைத்துக்கொண்டார். அம்மாவை உலக்கையை எடுத்து வரச் சொன்னார். இரண்டு பேர் கழுத்துக்கும் நடுவில், இரண்டு தோளிலும் படுகிற மாதிரி வைக்கச் சொன்னார்.

உலக்கை என் தோளில் உட்கார்ந்தது. நைனாவின் தோளில் உட்காரவில்லை. சும்மா தொட்டுக்கொண்டிருந்தது.

அம்மாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒவ்வொரு வருஷமும் தன் கையாலேயே ஒரு மடிப்புக் கூட்டித் தைத்தவள் அவள்தானே? கருடன் மேல் பெருமாள், குடை, ஆபரணம், அர்ச்சகர்கள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு பாரம்... அதில் நைனா பங்கையும் சேர்த்து மாமா தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெரிய காஞ்சிபுரம் வரைக்கும். திரும்ப வெயிலில் வருகிற வரைக்கும். எத்தனை வருஷமாக என்று யாருக்குத் தெரியும்?

நைனா பரணிலிருந்து கவரை எடுத்தார். மாமாவின் படத்தை மட்டும் உருவி, வாசலுக்கு வந்து, வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

நேரே மேஸ்திரி கன்னையா வீட்டுக்கு. யார் எந்தத் தண்டுக்கு என்று முடிவு செய்கிறவர் அவர்தான்.

"அண்ணே, என்னால முடியலை. முட்டி போய்டுச்சி. இந்த வருசம் எங்க ஜோடியை எடுத்துடு."

"இன்னாப்பா வெளையாடற? நாள் நெருங்கிடுச்சி. உனக்குத்தான் பட்டணத்துல ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்களாமே?"

நைனா படத்தை நீட்டினார்.

மேஸ்திரி வெயிலில் பிடித்துப் பார்த்தார். எலும்பைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் தெரிகிற படம் அது. முகம் மாறிப் போயிற்று. "இது யாருது?" என்றார்.

"என்னுது."

மூலையில் 'டி' எழுத்து பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அங்கே இங்கிலீஷ் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எழுத்துப் பிழை பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறவன். வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன்.

"இந்த முட்டிய வெச்சிக்கினா முன்னாடி நின்ன?" மேஸ்திரி படத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "போய் உக்காருப்பா. போதும். துளசிங்கத்தை இன்னா பண்றது? நல்லா இருக்கிற ஆளு, அவன் ஒசரத்துக்கு ஜோடி இல்லியே."

"ஜோடி நின்னா ஜோடிதான் அண்ணே. அவனும் நிக்கட்டும்."

சாயங்காலம் மாமா வந்தார். சாயம் பிடித்த கையோடு அப்படியே வந்திருந்தார். அவர் நைனாவிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதேயில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா? உனக்குப் படத்துல ஒண்ணியும் இல்லியே. யாரைக் கேட்டு என்னையும் சேர்த்து நிறுத்தன?"

நைனா எழுந்தார். தடித்த சும்மாட்டை எடுத்து மாமா மடியில் போட்டார்.

மாமா அதைப் பார்த்தார். கட்டை விரலால் மடிப்புகளை நெருடிக்கொண்டே இருந்தார். நீல விரல் அடையாளம் வெள்ளைத் துணியில் படிந்தது. குரல் இறங்கிப் போயிற்று.

"தோள் எலும்பு குத்துச்சி மச்சான். அதான்."

"குத்துச்சா?"

"ஆமா."

"எத்தினி வருசமா குத்துது?"

மாமா வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் சொன்னார். "நீ அக்காகிட்ட சொல்றதுக்கு ரொம்ப முன்னாடியே எனக்குத் தெரியும். நீ முட்டிய மடக்கி வாங்கறப்ப தண்டு என் பக்கம் இறங்கும். சொன்னா நீ நின்னுடுவ. நீ நின்னா நான் எங்க போய் நிக்கறது?"

"இப்ப என் கூட நில்லு" என்றார் நைனா.

அம்மா அழுதாள். நானும்தான். இரண்டு கிழவர்கள்... அப்போது அவர்களுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை, இருந்தாலும் என் கண்ணுக்குக் கிழவர்கள்... ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

கருட சேவை விடியற்காலையில் நாங்கள் மூன்று பேரும் கோபுர வாசலுக்கு எதிரே கூட்டத்தில் நின்றோம். நைனாவுக்கும் மாமாவுக்கும் எப்படி நிற்பது என்றே தெரியவில்லை. கையை எங்கே வைப்பது? உள்ளே வாகனத்தைத் தூக்குகிற சத்தம் கேட்டது. இரண்டு பேருக்கும் தோள் தானாக ஒரு தடவை மேலே ஏறி இறங்கியது. நான் பார்த்தேன்.

பெருமாள் கோபுரத்தைத் தாண்டி வெளியே வந்தார். இரண்டு குடை. பின்னால் மேளம். கற்பூர வெளிச்சம். கருடன் சிறகுக்கு மேலே, பட்டும் மாலையுமாக... ஊரே கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டது.

இவர்கள் இரண்டு பேரும் கும்பிடவில்லை. அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான்" என்றார் மாமா. "மூஞ்சியைப் பாரேன்."

"பாத்துக்கினுதான் இருக்கேன்" என்றார் நைனா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முன் தண்டில் நிற்கிறவன் முன்னால் பார்த்து நடப்பவன். பெருமாள் அவனுக்குப் பின்னால் இருப்பார். திரை விலகுகிறபோது அவன் தண்டுக்கு அடியில் போயிருப்பான். இத்தனை காலமாகப் பெருமாளைக் கோபுர வாசலைத் தாண்டித் தூக்கிக்கொண்டு வந்த இரண்டு பேரும், கருடன் மேல் அவர் வருகிற அழகை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

நைனா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பெருமாள் வீதி திரும்பி மறைகிற வரைக்கும் விடவில்லை.

தண்டை விட்டபிறகு மாமாவுக்கு வலி வந்துவிட்டது. அது வரைக்கும் எங்கே ஒளிந்திருந்ததோ, மொத்தமாக வந்து இறங்கியது. அதற்கப்புறம் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் தினம் காலையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். அம்மா ஒரே வாணலியில் உப்பை வறுத்து, இரண்டு மூட்டை கட்டிக் கொடுப்பாள். "எனக்கு ரொம்ப நோவுதா, உனக்கு ரொம்ப நோவுதா?" என்று சண்டை போடுவார்கள். நைனா விட்டுக்கொடுத்ததே இல்லை. அவருக்குத்தான் காட்டுவதற்குப் படம் இருந்ததே! அந்த 'டி' எழுத்துப் போட்ட படம், கடைசி வரைக்கும் ஊருக்கு எத்திராஜ் முட்டிதான்.

அந்தப் பிலிம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. பழுப்பேறி, ஓரம் சுருண்டுவிட்டது. வெளிச்சத்தில் பிடித்தால் முள்முள்ளாக இன்னும் தெரிகிறது.

போன செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "ஒருத்தர் பாரத்தை வாங்கினதாலதான் இன்னொருத்தர் முட்டி தேஞ்சுதுன்னு அவ்வளவு சுலபமா சொல்ல முடியாது சார். பரம்பரை இருக்கு, பழைய அடி இருக்கு, எவ்வளவோ இருக்கு" என்றார். இருக்கலாம். அவர் படித்தவர். சரியாகத்தான் சொல்வார்.

ஆனால் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கு ஒரு யோசனை. எனக்குப் பத்து வருஷமாக வலி. படமோ சுத்தம். அப்படியென்றால்...?

மனைவியைப் பார்த்தேன். குடையை மாட்டினாள். என் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள். எனக்கு முக்காலியை இழுத்துப் போட்டு, காலைத் தூக்கி அதன் மேல் வைத்தாள். காபி போட எழுந்தவள் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இவள் எப்போதிலிருந்து சுவரைப் பிடிக்கிறாள்?

"கொஞ்சம் அந்தக் கோடி வரைக்கும் நடந்து காட்டேன்" என்றேன்.

"இன்னா இது, பொண்ணு பார்க்க வந்துக்கிறியா?" என்றாள். நடக்காமலேயே அடுப்படிக்குள் போய்விட்டாள்.

வருகிற செவ்வாய்க்கிழமை அவளுக்குப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். வீண் செலவு என்கிறாள்... அவளுக்கு வலியே இல்லையாம்.